நாற்பத்தைந்து சதுர அடி

லண்டனில் எட்மண்டன் பக்கம் கடை வைத்துப் பிழைத்த தமிழர் பலர். கடையையும் அதன் மேல்மாடி வீட்டையும் சேர்த்துச் சொந்தமாக வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அதில் ஒரு விரல் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு ஆங்கிலக் கடிதம் இருந்தது, அதையும் எனக்கு வாசிக்கத் தெரியாது. பெற்றோல் ஷெட்டில் நின்றேன், கோழி வெட்டினேன், ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் செய்தேன். இன்றைக்கு வங்கிக்கு நான் ஒரு பென்னி கட்டவேண்டியதில்லை. என்னைவிடப் படித்தவர்கள் இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த வீட்டில் எத்தனை அறை என்று கேட்டால் மூன்று என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். வீதிப்பக்கம் ஹோல். பின்பக்கம் படுக்கையறை. படியேறியதும் வலக்கைப் பக்கம் ஒரு சின்ன அறை. மூன்று இல்லை, இரண்டுதான் என்று எனக்குக் கணக்குக் காட்டியவன் அந்தச் சின்ன அறையிலேயே இருந்தவன்.

அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை செய்தவன். சண்டை முடிந்த பிறகு இங்கே வந்து அகதி அந்தஸ்துக்கு எழுதினான், மறுத்தார்கள். அப்பீல் போட்டான், அதையும் மறுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் எழுதவும் இல்லை, அவர்கள் தேடி வரவும் இல்லை. ஒருநாள் கடைக்கு வந்து ஒரு பாண் வாங்கினான். வெளியே கொண்டுபோகாமல் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றே பிய்த்துச் சாப்பிட்டான். "இருக்க இடமிருக்கோ?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான், இல்லை என்று. அன்றைக்கே சின்ன அறையை ஒதுக்கிக் கொடுத்தேன். பதினொரு வருடம் இருந்தான். ஒரு பென்னி வாடகை வாங்கவில்லை. இதையும் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லியிருக்கிறேன்.

அவன் எனக்குச் செய்ததை ஒருவருக்கும் சொன்னதில்லை. விடிய லொறி வந்தால் வெங்காய மூட்டைகளை இறக்குவது அவன்தான். எனக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தபோது ஆறு கிழமை என்னைக் குளிப்பாட்டியவன் அவன். மனைவி அதற்கு முன்னமே கண்மூடிவிட்டாள். மகனுக்கு அந்தக் காயத்தைப் பார்க்கப் பயம். கவுன்சில், வரி, மின்சாரம் என்று வருகிற கடிதம் எல்லாவற்றையும் அவன்தான் வாசித்துச் சொல்வான். மெத்தையில் இருந்து, தலையைச் சுவரில் சாய்த்து, மேல் மூலையில் இருக்கும் விலாசத்தில் தொடங்கி ஒரு வரி விடாமல் வாசிப்பான். நான் வாசலில் நின்று கேட்பேன். உள்ளே இரண்டு பேருக்கு இடமில்லை.

மகன் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டிக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தான். பெண்ணைக் கூப்பிட விசா எடுக்கவேண்டும். நான் அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. வழக்கறிஞரிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி இருந்தேன்.

"மகன்ரை சம்பளச் சீட்டுகளைத் தாங்கோ" என்றார் அவர்.

"சம்பளமோ? அவன் என்ரை கடையிலை நிக்கிறான். தேவையானதைக் கல்லா லாச்சியிலை எடுப்பான்."

"அப்ப கடதாசியிலை அவருக்கு ஒரு வருமானமும் இல்லை."

"கடை முழுக்க அவன்ரை தானே."

"கடை உங்கடை, ஐயா. அவரிட்டை ஒண்டுமில்லை. வருசத்துக்கு இருபத்தொன்பதாயிரம் பவுண் உழைக்கிறார் எண்டு காட்டவேணும்."

வரிக்குக் காட்டாமல் மகனை வைத்திருந்தது என் கெட்டித்தனம் என்று இருந்தேன். அந்தக் கெட்டித்தனத்தால் அவன் கடையை விட்டுப் போய் சிவப்பு பஸ் ஓட்டினான். ஆறு மாதச் சம்பளச் சீட்டு சேர்ந்தது. அந்த ஆறு மாதமும் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. வருமானம் சரியானது. மிச்சம் இருந்தது வீடு.

வழக்கறிஞர் கொடுத்த தாள்களைக் குசினி மேசையில் பரப்பி வைத்துத் தம்பி நிரப்பினான். மகன் வேலைக்குப் போயிருந்தான்.

"அண்ணை, எத்தினை அறை எண்டு கேக்குது."

"மூண்டு எண்டு போடு."

"பொறுங்கோ." கடையிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்து தன் அறைக்குள் போனான். இரும்பு நாடா சுருண்டு உள்ளே போகிற சத்தம் இரண்டு தரம் கேட்டது. திரும்பி வந்து தாளின் ஓரத்தில் பெருக்கினான். "ஆறடி, ஏழரை அடி. நாப்பத்தைஞ்சு சதுர அடி வருது. அம்பதுக்குக் குறைஞ்சால் அது அறை இல்லையாம்."

"அறை இல்லாட்டி? அலுமாரியோ?"

"அதைப்பற்றி ஒண்டும் போடேல்லை." சிரித்தான். "பதினொரு வருசமா அலுமாரிக்குள்ளை படுத்திருக்கிறன் போல."

நானும் சிரித்தேன்.

"அப்ப ரெண்டு அறை. ரெண்டு அறைக்கு மூண்டு பேர்தான் இருக்கலாம். அதுக்கு மேலை எண்டால் நெரிசல். விசா வராது." பேனையின் பின்பக்கத்தால் வரிசையாகத் தட்டிக் காட்டினான். "நீங்கள், மகன், வாற மருமகள். மூண்டு."

அடுத்த கேள்வியை வாசித்தான். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். பேனையைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"என்னை எழுதவோ, விடவோ?"

அவன் பெயரை எழுதினால் விசா போகும். எழுதின பெயரைத் தேடிக்கொண்டு அவனுக்கும் ஆட்கள் வருவார்கள். அவன் நன்மைக்கும்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் சில நேரம் சொல்லிப் பார்க்கிறேன்.

"விடு" என்றேன். "பிள்ளை வந்து சேரட்டும். ஒரு ரெண்டு மாசம் வேறை எங்கையாவது இரு. பேந்து வா. உன்ரை இடம் உனக்குத்தான்."

"ஓம் அண்ணை."

பெட்டிக்குள் ஒரு கோடு கீறி அடுத்த தாளைத் திருப்பினான். அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இரண்டு நாளில் ஒரு சூட்கேசோடு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனான். அவன் போனபிறகு மெத்தையை எறிந்துவிட்டு அரிசி மூட்டைகளை அங்கே ஏற்றினேன். அந்த வயதில் தனியாக ஏற்றினேன்.

வீட்டை அளந்து அறிக்கை எழுத ஒரு இளம் வெள்ளைக்காரன் வந்தான். அறிக்கைக்குக் காசு வாங்குகிற ஆள்தான், ஆனாலும் அவனுக்குப் பின்னாலேயே நடந்தேன். ஹோலுக்குப் போனான், படுக்கையறைக்குப் போனான், கையில் இருந்த சின்னக் கருவியால் சுவருக்குச் சிவப்பு வெளிச்சம் அடித்து அளந்தான். கடையை எப்படி வாங்கினேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவனுக்குச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டான். பிறகு சின்ன அறைக் கதவைத் திறந்தான்.

மூட்டைகளுக்கு மேலே, மெத்தையில் இருக்கிற ஒருவனுடைய தலை உயரத்தில், சுவரில் ஒரு கறுப்பு வட்டம். தேங்காயெண்ணெய் ஊறின தடம். பதினொரு வருடமாக அவன் தலை சாய்ந்த இடம். எத்தனையோ தரம் அந்த வாசலில் நின்ற எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. அவன் தலை எப்போதும் அதை மறைத்திருந்தது.

வெள்ளைக்காரன் கிட்டப் போய் விரலால் தொட்டான்.

"டாம்ப்?" என்று கேட்டான். சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதா என்று.

"யெஸ்" என்றேன். "டாம்ப்."

எழுதிக்கொண்டான். அறைக்குள் எண்ணெய் மணம் இருந்தது. அவனுக்கு அது என்ன மணம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அறிக்கை தபாலில் வந்தது. பிரித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மகன் பஸ்ஸில். சனிக்கிழமை தம்பி கடைக்கு வந்து ஏப்ரனைக் கட்டினான். பார்க்கிங்கிலிருந்து வந்துதான் அந்த நாட்களில் மூட்டை இறக்கினான்.

"ரிப்போட் வந்திட்டுதோ அண்ணை?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு யார் வாசித்துத் தருவார்கள் என்று கொடுத்துவிட்டேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, விலாசத்தில் தொடங்கித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். ஹோல் இத்தனை அடி. படுக்கையறை இத்தனை அடி. மூன்று பேருக்குப் போதுமானது. "நல்லா வந்திருக்கு அண்ணை" என்றான். அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

"படியேறினதும் ஒரு களஞ்சியம். அறையாக் கணக்கெடுக்கேல்லை. ஆரும் படுக்கிறதுக்குப் பாவிக்கேல்லை." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினான். "உள்சுவரிலை ஒரு கறை. ஈரம் எண்டு வீட்டு உரிமையாளர் சொன்னவர்."

அந்த வரியை மறுபடியும் கண்ணால் படித்தான். இந்த முறை சத்தமில்லாமல். அவன் வலக்கை மேலே போய்ப் பின்தலையைத் தொட்டது. அதைச் செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஒரு மனுசி வெண்டிக்காய் என்ன விலை என்று கேட்டாள். நான் விலையைச் சொன்னேன்.

தம்பி தாள்களை மடித்து உறைக்குள் வைத்தான். "மருந்தடிச்சுப் பெயின்ற் அடிக்கச் சொல்லியிருக்கினம். அடிச்சுவிடுங்கோ அண்ணை." அன்றைக்கு மூட்டைகளை எல்லாம் இறக்கி முடித்தான். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவினான். "வாறன் அண்ணை" என்றான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

விசா வந்தது. மருமகள் வந்தாள். நல்ல பிள்ளை. வந்த மறுநாளே கடையில் நின்றாள். நான் பார்க்கிங்குக்கு ஃபோன் எடுத்தேன்.

"வா தம்பி. எல்லாம் முடிஞ்சுது."

"எப்பிடி அண்ணை வாறது? மூண்டு பேர் எண்டு நான்தானே எழுதினனான்."

"எழுதினதை ஆர் வந்து பாக்கப்போறான்?"

"நாளைக்குப் பிள்ளையின்ரை விசாவைப் புதுப்பிக்கவேணும். பேந்தும் கேப்பினம். உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

மூட்டைகளைக் கீழே இறக்கி, அந்தச் சுவருக்குப் பெயின்ற் அடித்தேன். காய்ந்ததும் வட்டம் மேலே வந்தது. இன்னொரு பூச்சு அடித்தேன். மங்கலாக வந்தது. மூன்றாம் பூச்சுக்குப் பிறகு மகனுக்கும் மருமகளுக்கும் அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

விடியற்காலையில் லொறி ஹோர்ன் அடித்தால், "தம்பி, சாமான் வந்திட்டுது" என்று வாய் தானாகக் கூப்பிடும். ஒருநாள் மருமகள் தேத்தண்ணியோடு வாசலில் நின்றாள்.

"மாமா, ஆரைக் கூப்பிடுறீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை."

அவள் மகனிடம் சொல்லியிருக்கிறாள், அந்தச் சின்ன அறைக்கு முன்னால் போகும்போது யாரோ உள்ளே வாசிக்கிறமாதிரிக் கேட்கிறது என்று. மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கும் கேட்கும். சொல் விளங்காது, வாசிக்கிற இழுவை மட்டும் கேட்கும். கடிதங்களை இப்போது மகன் வாசிக்கிறான். உறையைக் கிழித்து ஒரு பார்வை பார்த்து, "ஒண்டுமில்லையப்பா" என்பான். அவ்வளவுதான்.

மருமகளுக்கு மாதம் தள்ளிப்போனது. சின்ன அறையில் தொட்டில் வைக்கலாம் என்று மகன் சொன்னான். ஃபோனில் எதையோ பார்த்துவிட்டு, "அப்பா, ஒரு வயசு ஆகும்வரைக்கும் பிள்ளையை ஆளாக் கணக்கெடுக்கமாட்டினமாம். விசா புதுப்பிக்கேக்கை பிரச்சினை இல்லை" என்றான். சந்தோசமாகத்தான் சொன்னான். நான் எழுந்து சாமான் ஏற்றுகிற கடை வானுக்குப் போனேன். முருங்கைக்காயும் ஒரு பை அரிசியும் எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்கு ஓட்டினேன்.

தெருவும் வீட்டு நம்பரும் தெரியும். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. நான் இன்னாரைத் தேடி வந்தேன் என்றேன்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை, ஐயா."

"இஞ்சைதான் பிள்ளை இருந்தவன். நான் அவன்ரை அண்ணை மாதிரி."

"நாங்கள் நாலு பேர்தான். கவுன்சிலுக்கும் எழுதிக் குடுத்திருக்கிறம்."

எத்தனை பேர் என்று நான் கேட்கவே இல்லை. அவளுக்குப் பின்னால் படி தெரிந்தது. படியின் மேலே ஒரு கதவு மூடியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற வீட்டின் சத்தம் எனக்குத் தெரியும். ஆனால் உண்மையிலேயே யாரும் இல்லாத வீடும் அப்படித்தான் இருக்கும். குரலை உயர்த்தித் தம்பி என்று கூப்பிட்டிருக்கலாம். தெருவில் ஆட்கள் போனார்கள்.

"பிழையான வீட்டுக்கு வந்திட்டன் போல" என்றேன். "இதை வைச்சுக்கொள்ளுங்கோ."

"வேண்டாம் ஐயா" என்றாள். கதவு மூடியது. பையைத் திரும்ப வானில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் சின்ன அறையின் வாசலில் நிலத்தில் இருந்தாள். உள்ளே போகவில்லை. மடியில் அளவு நாடா.

"மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. இதுக்குள்ளை ஆர் இருந்தவை?"

முழுவதையும் சொன்னேன். கடையில் நின்று பாண் சாப்பிட்டதிலிருந்து சொன்னேன். என்னைக் குளிப்பாட்டியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப, நான் வாறதுக்காகத்தான் அவர் போனவரோ?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். வழக்கறிஞருக்குப் பதில் சொன்னேன், வெள்ளைக்காரனுக்கும் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு, "நீ போகச் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான்" என்று மட்டும் சொல்லமுடிந்தது.

அவள் நாடாவை உள்ளே சுருளவிட்டு எழுந்தாள். தொட்டில் தங்கள் அறையிலேயே இருக்கட்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. சின்ன அறை வெறுமையாகக் கிடக்கிறது. அதில் நான் இப்போது அரிசியும் ஏற்றுவதில்லை.