எதுக்குப் பக்கத்துல?

தருமபுரியில், காது கேளாத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு மையத்துக்காக நான் எழுதிய புரோகிராம், நிறுவப் போன முதல் நாளே வாயைத் திறக்கவில்லை. மாட்டின் படத்தை அழுத்தினால் மாடு கத்த வேண்டும். மழையை அழுத்தினால் மழைச் சத்தம் வர வேண்டும். எதை அழுத்தினாலும் ‘ஃபைல் இல்லை’ என்றது.

வத்தல்மலையிலிருந்து ஓர் அம்மா தன் மகனோடு பஸ்ஸில் வந்திருந்தார். பையனுக்குப் புதிதாகக் காது மெஷின் மாட்டியிருந்தார்கள். அதில் அவனுக்கு என்னென்ன கேட்கிறது என்று அன்று பார்த்தாக வேண்டும். மத்தியான பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

“உங்க வூட்டு லேப்டாப்புல நல்லா கத்துச்சே மேடம், இங்க வந்து வெக்கப்படுதா?” என்றார் பயிற்சி ஆசிரியை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் வியர்த்தது. ஒலிகளைக் காப்பி செய்ய மறந்துவிட்டேனா? இல்லை, புரோகிராமுக்குப் பக்கத்திலேயே ஒலி ஃபோல்டர் இருந்தது. பெயரில் பிழையா? அதுவும் இல்லை. என் விண்டோஸில் ஓடியது இவர்களின் லினக்ஸில் ஏன் ஓடவில்லை?

அந்த நேரம் பார்த்துக் கணவரின் போன். காய்ச்சலாக இருந்த பாப்பாவை அவரிடம் விட்டு வந்திருந்தேன்.

“மருந்து எங்க?”

“பக்கத்துலதாங்க இருக்கு.”

“எதுக்குப் பக்கத்துல? நான் சமையக்கட்டுல நிக்கறேன். இங்க பக்கத்துல நல்லெண்ணெதான் இருக்கு. ஊத்திரட்டுமா?”

“ஐயோ, தொட்டிலுக்குப் பக்கத்துலங்க!”

போனை வைத்த கை அப்படியே நின்றது. புரோகிராமிலும் நான் அதைத்தான் எழுதியிருந்தேன்: பக்கத்தில் இருக்கும் ஒலி ஃபோல்டரை எடு. எதற்குப் பக்கத்தில் என்று சொல்லவில்லை. வீட்டில் எப்போதும் புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய்த்தான் திறப்பேன், அதனால் கிடைத்தது. இங்கே ஆசிரியை மெனுவிலிருந்து திறந்தார். சந்தேகத்துக்கு ஒரு வரி சேர்த்து, எங்கே நின்று தேடுகிறது என்று பார்த்தேன். புரோகிராம் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஹோம் ஃபோல்டரில் நின்று தேடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு, புரோகிராம் வைக்கப்பட்டிருக்கும் இடத்தை அதனிடமே கேட்டு வாங்கி, ஒலிகளுக்கான வழியை அங்கிருந்து தொடங்கினேன். அது தன் முழு முகவரியைத் திரையில் எழுதியபோது எனக்குச் சிலிர்த்தது. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் தான் குடியிருக்கும் இடம் அதற்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் இத்தனை நாளும் கேட்கவில்லை. மெனுவில், கட்டளை தட்டும் டெர்மினலில், வேறு ஃபோல்டரில் நின்று என்று மாற்றி மாற்றித் திறந்து பார்த்தேன். அப்படியும் பயம் போகவில்லை.

“போதும், வுடுங்க மேடம்” என்று ஆசிரியை மவுஸை வாங்கி மாட்டை அழுத்தினார்.

மாடு கத்தியது. பையன் திரையைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் வாசலில் நின்று, தெருவின் இரண்டு பக்கமும் மாட்டைத் தேடினான்.

“கேக்குதுங்க மிஸ்! தேடறான் பாருங்க!” என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதும் முன், எங்கிருந்து பார்த்தால் அங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். விண்டோஸோ, லினக்ஸோ, மேக்கோ, உங்கள் கையில் ஓடியதை நம்பாதீர்கள். வேறொருவரைத் திறக்கச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பாருங்கள்.