காத்தக்கா காரை எடுக்கிறார்

முன்சக்கரத்தின் குறுக்கே, துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டியால் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுக் காரைத் தள்ளச் சொல்கிறார். தள்ளுவது நான். மதிலோரத்திலிருந்து கேட் வரைக்கும் வண்டி உருண்டதும் "போதும் போதும்" என்று கையைக் காட்டி, குனிந்து கோட்டைப் பார்ப்பார். கோடு நடுவில் அழிந்திருந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு. ஒரே சீராக அழிந்திருந்தால்தான் நிமிர்வார். அப்போதும் முகம் தெளியாது. "முன்னாடி சரியாத்தான் இருக்கு. பின்னாடி என்ன கதையோ" என்று அடுத்த சக்கரத்துக்குப் போய்விடுவார்.

காற்றை அளக்கும் மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறார். ஆனால் மீட்டர் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அதனால் முதலில் மீட்டர், பிறகு சாக்கட்டிக் கோடு, கடைசியில் காலால் ஒரு உதை. மூன்றும் ஒத்துப்போனால் வண்டி கிளம்பும். வண்டி ஓடிச் சூடானபிறகு அளந்தால் காற்று கூடுதலாகக் காட்டும் என்பதால் இத்தனையும் காலையில், சக்கரம் சில்லென்று இருக்கும்போதே நடந்தாக வேண்டும். நான் பல் தேய்த்தபடியே தள்ளிய நாட்களும் உண்டு.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் காத்தக்கா. கீழ்வீட்டில் இருக்கிறார். தெருமுனையில் துணிகளைப் பிரித்துத் தைக்கும் கடை வைத்திருக்கிறார். இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இவைதான் தொழில். வாயோரத்தில் எப்போதும் குண்டூசிகள் இருப்பதால் பாதிப் பேச்சு உதடு அசையாமலே வரும். பழகாதவர்கள் அவர் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அது கோபமில்லை, பயம் என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

அவர் கணவரை நாங்கள் அண்ணன் என்போம். அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. ஒன்றுவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரியோ பாலத்தைத் தாண்டி, புறவழிச் சாலை முடிகிற கோடியில் இருக்கிறது. முன்பெல்லாம் அண்ணன்தான் கார் ஓட்டுவார். அவரால் முடியாமல் போனதும், தையல் மெஷினைத் தவிர வேறு எதையும் மிதித்தறியாத அக்கா, தலை நரைத்தபிறகு ஓட்டக் கற்றுக்கொண்டார். அண்ணனுக்கு அவர் தைத்துக் கொடுத்திருக்கும் கால்சட்டைகளில் இடுப்புக்கு இரண்டு கொக்கிகள் இருக்கும். உடம்பில் நீர் ஏறி, வயிறு உப்பிப் போகிற காலைக்கு ஒன்று. எல்லாம் இறங்கித் திரும்பி வருகிற மாலைக்கு இன்னொன்று.

இந்த லட்சணத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வேறு வந்து சேர்ந்தது. பாதி நாள் பங்க்குகளில் கயிறு கட்டி 'ஸ்டாக் இல்லை' பலகை தொங்குகிறது. திறந்திருக்கும் நாளிலும் ஆளுக்குக் கொஞ்சம் என்று கண்ணில் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். பஸ்களும் குறைந்துவிட்டன. வருகிற ஒன்றிரண்டும் படிக்கட்டில்கூட இடமில்லாமல் வருகின்றன. நமக்கெல்லாம் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். திட்டிவிட்டு நடந்துபோய்விடுவோம். அக்காவுக்கு அப்படியில்லை. டேங்க் காலியானால் அண்ணன் மெஷினுக்குப் போக முடியாது. மெஷினுக்குப் போகாவிட்டால் அண்ணனுக்கு மூச்சு முட்டும்.

அதனால் அக்கா ஓட்டும்போது அந்தக் காரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அவருடைய கண் பாதி சாலையில், பாதி பெட்ரோல் முள்ளில். தூரத்தில் சிக்னல் சிவப்பானதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக வேகம் தளர்ந்து போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்துவிடும். "ஓடிப்போய் நிக்கறதுக்கு எதுக்கு ஓடணும்?" என்பார். பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்தித் தீர்ப்பான். "அவன் டேங்க் ரொம்பி இருக்கு போல. அடிக்கட்டும்." நின்றே ஆக வேண்டிய பெரிய சிக்னல்களில் எஞ்சினை அணைத்துவிடுவார். ஊருக்குள் ஏசி கிடையாது. புறவழிச் சாலையில் ஏறியதும் ஜன்னல்களை மூடச் சொல்வார், காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்குமாம். ஒருநாள் நான் மட்டும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். "தம்பி, வேர்த்தா துடைச்சுக்கலாம். பெட்ரோல் போனா எதை வச்சுத் துடைக்கறது?" என்றார். ஏற்றிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் முழுசாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்ப்பார். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "எனக்கும் ஒரு தடவை தொட்டுப் பாரேன். நானும் உன் வண்டியிலதான வந்தேன்" என்பார். அக்கா சிரிக்க மாட்டார். ஆனால் திரும்பி வந்து அவர் கழுத்தையும் தொட்டுப் பார்ப்பார்.

எடைதான் அக்காவின் பெரிய எதிரி. சுமை கூடினால் வண்டி கூடக் குடிக்கும் என்று எங்கேயோ கேட்டாலும் கேட்டார், டிக்கியில் இருந்த குடை, தண்ணீர்க் கேன், பழைய போர்வை எல்லாம் வீட்டுக்குள் போயின. பிறகு காருக்குள் கிடந்த கால்மிதிகள். "பையில என்ன தம்பி, கல்லா?" என்று என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என் தொந்தியையும் ஒருமுறை யோசனையோடு பார்த்தார். என்னைக் கழற்றிவிடாததற்கு ஒரே காரணம், அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட ஆள் வேண்டும் என்பதுதான். என் அலுவலகமும் அந்தப் பக்கமே என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடைசியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறங்கின. மாற்றுச் சக்கரம் இல்லாமல் யாராவது வண்டி எடுப்பார்களா என்று அண்ணன் கேட்டார். "தினமும் காத்து பாக்கறேன். ஆணி இருக்கான்னு கை வச்சுத் தடவறேன். பஞ்சர் எங்கிருந்து வரும்?" என்றார் அக்கா. ஸ்டெப்னி கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் ஒரு மெத்தை தைத்துப் போட்டார். கால்சட்டை நீளம் குறைக்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

பஞ்சர் புறவழிச் சாலையிலிருந்து வந்தது. வெயில் ஏறிய நேரம். வண்டி இடது பக்கம் சாய்ந்து தடதடத்தது. அக்கா ஓரங்கட்டி இறங்கினார். நேராகப் போய் டிக்கியைத் திறந்தார். பழக்கதோஷம். உள்ளே துடைத்துவைத்தாற்போல் வெறும் தரை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அருகில் போனபோது வாயில் ஊசியில்லாமலே உதடு அசையாமல் சொன்னார், "கடையில இருக்கு தம்பி. கடையில உக்காந்திருக்காங்க அதுமேல."

அண்ணன் அதற்குள் முன்சீட்டில் நெஞ்சை நிமிர்த்தி மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தார். முந்தைய முறை மெஷின் பழுது என்று ஆஸ்பத்திரியில் சீக்கிரமே எழுப்பி அனுப்பியிருந்தார்கள், அதனால் அன்று நீர் அதிகம் ஏறியிருந்தது. நான் நடுச்சாலைக்குப் போய்க் கையை ஆட்டினேன். கார்கள் விலகிப் போயின. ஒரு ரொட்டி வேன் நின்றது. "ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்றார் டிரைவர். அண்ணனையும் அக்காவையும் ஏற்றிவிட்டு நான் காருக்குக் காவல் இருந்தேன்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அண்ணனுடைய மெஷினில் வேறு ஒருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர் முடித்து எழுந்திருக்கும்வரை அண்ணனை ஆக்ஸிஜன் வைத்துத்தான் காப்பாற்றினார்களாம். நான் பஞ்சர் கடைக்காரரைத் தேடிப் பிடித்து வந்து சக்கரத்தைச் சரிசெய்து, அவரையே ஓட்டச் சொல்லிக் காரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அக்கா தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வண்டி எங்கே, முள் எங்கே நிற்கிறது என்று எதுவுமே கேட்கவில்லை. "வண்டிக்கு எடை பாத்தேன் தம்பி. அவருக்கு மூச்சு பாக்கலை" என்றார். பிறகு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாளே ஸ்டெப்னி டிக்கிக்குத் திரும்பியது. அதோடு பயம் இரட்டிப்பானது. இப்போது சாக்கட்டிக் கோடு போதவில்லை, ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்கிறார். ஏர் ஃபில்டரைக் கழற்றி வாசலில் தட்டித் தட்டித் தூசி எடுக்கிறார். ஆயில் அளக்கும் கம்பியைத் துடைத்து உள்ளே விட்டு, எடுத்து, மறுபடி துடைத்து உள்ளே விட்டு எடுக்கிறார். ஸ்டெப்னி ஏறிய கனத்துக்கு ஈடாக வேறு எதை இறக்குவது என்று காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். பின்சீட்டின் தலையணைகளைப் பிடுங்கியாகிவிட்டது. இனிப் பிடுங்க ஒன்றுமில்லை. கடையில் ஒருவருடைய கால்சட்டையை ஒரு கால் குட்டையாகவும் ஒரு கால் நெட்டையாகவும் தைத்துக் கொடுத்துவிட்டார். அவர் சண்டைக்கு வந்தபோதுகூட அக்கா காலண்டரில் அடுத்த ஆஸ்பத்திரி நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் பங்க் திறக்கவே இல்லை. லாரி வருகிறது, வருகிறது என்றார்கள், வரவில்லை. முள் சிவப்பைத் தொட்டு நின்றது. போய்ச் சேரப் போதும், திரும்பி வருவது சந்தேகம் என்று அக்கா சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, கண் முள்ளிலேயே இருந்தது. பாலத்தடிக்கு வந்தபோது அண்ணன், "கொஞ்சம் நிறுத்து" என்றார். வாந்தி வருகிறதோ என்று பதறிப்போய் அக்கா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினார். பாலத்து மேட்டில் ஏறத்தான் வண்டி எக்கச்சக்கமாகப் பெட்ரோல் குடிக்கும் என்பதால் அக்கா அஞ்சுகிற இடம் அது. கனம் குறையட்டும் என்று நான் முந்திக்கொண்டு இறங்கினேன்.

அண்ணனும் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். கணுக்கால் வீங்கியிருந்ததால் செருப்பின் வாரைத் தளர்த்திவிட்டிருந்தார்.

"நான் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸுல போயிக்கறேன். நீ வண்டியை வீட்டுக்குத் திருப்பு."

"என்னங்க பேசறீங்க?"

"எத்தனையோ சாமான் இறக்கிட்ட. இருக்கறதுலயே கனமான சாமான் நான்தான். என்னையும் இறக்கிட்டா உன் வண்டி ஜம்முனு ஓடும்." வழக்கமான வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். குரல் பாதியில் உடைந்துவிட்டது. "எனக்காக நீ தினமும் செத்துப் பொழைக்கற. பாக்க முடியலைம்மா."

நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் வருகிற அறிகுறியே இல்லை. எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குறுக்கே சாய்ந்து, கால்சட்டையை முழங்காலருகே கொத்தாகப் பிடித்து, அண்ணனின் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டுக் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினார். குமிழ் உள்ளே இறங்கியபிறகும் விரலை எடுக்கவில்லை.