பெரிய எழுத்துச் சம்பளச் சீட்டு

மாரண்டஹள்ளியில் காய்கறி பேக்கிங் செய்யும் ஒரு சிறு கம்பெனிக்குச் சம்பள ஆப் செய்து கொடுத்தேன். மாதச் சம்பளம் தனி, ஓவர்டைம் தனி என்று காட்டும் சீட்டு ஒவ்வொரு தொழிலாளியின் வாட்ஸ்அப்புக்கும் தமிழில் போய்விடும். யாரும் படிக்கத் திணறக் கூடாதென்று எழுத்தைப் பெரிதாக வைத்தேன். முதலாளி பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் போனபோது, அங்கே தக்காளி தரம் பிரிக்கும் சாந்தி அக்கா என்னை ஓரமாக அழைத்தார். உதடு வீங்கியிருந்தது.

"எனக்கு ஏதுங்க போனு? வூட்டுக்காரர் நம்பரைத்தான் குடுத்தேன். ஓவர்டைம் காசை மேனேஜர் எப்பவும் தனிக் கவர்ல குடுப்பாரு. பாப்பாவை நர்சிங் சேக்க அதை ஒளிச்சு வெச்சிருந்தேன். சீட்டைப் பாத்துட்டு வூட்டுக்காரர் அத்தனையும் புடுங்கிக்கிட்டாருங்க."

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? அவருக்குப் படிக்கவே சரியா வராதுங்க. ஆனா நீங்க அனுப்புனது நல்லாப் புரிஞ்சுதாம்."

அன்றே சீட்டிலிருந்து ஓவர்டைம் வரியை நீக்கினேன். போன பணம் போனதுதான். இன்றும் புது ஆப்பில் போன் நம்பர் கேட்கும் கட்டத்தை வரையும்போது கை நின்றுவிடுகிறது. அது யாருடைய போன் என்று அன்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.