ஏழாவது கேசட்

போன வாரம் பேரனுக்கு உறுப்பினர் அட்டை வாங்கலாம் என்று எங்கள் பகுதி நூலகத்துக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பளபளவென்று ஒரு பலகை. 'புதிய நூல்களும் ஒலிநூல்களும் வந்துள்ளன' என்று எழுதி, கீழே கறுப்புப் புள்ளிகளாய் ஒரு சதுரம். நூல் எங்கே என்று தேடினால் சதுரம்தான் இருக்கிறது. மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். போனில் அதைப் படம் பிடித்தால் எல்லாம் வந்துவிடும் என்றாள். பிடித்தேன். ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு என்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி கேள் என்றது. எனக்கு வந்த கோபத்தில் போனை அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன். அந்தப் பெண்தான் பாவப்பட்டு, "குடுங்கம்மா, நா பண்ணித் தர்றேன்" என்று வாங்கி, சார்ஜ் போடும் ஒயரை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தாள். குப்பென்று அந்துருண்டை வாசம்.

உங்களுக்கெல்லாம் அந்துருண்டை என்றால் பட்டுச்சேலை ஞாபகம் வரும். எனக்குக் கேசட் ஞாபகம் வரும். கூடவே ஒரு எரிச்சலும் வரும். இத்தனை வருடம் ஆகியும் ஆறாத எரிச்சல்.

தொண்ணூறுகளில் நாங்கள் பீளமேட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பம்புசெட் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் எப்போதும் இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவருடைய அக்காவும் எங்களோடுதான் இருந்தார். எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவோம். நங்கையா சின்ன வயதிலேயே தாலியை இழந்தவர். பிள்ளை இல்லை. மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்துத் தம்பியை ஆளாக்கியவர். அவர் எதிரில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த நங்கையாவுக்குக் கண்ணில் பிரசர் வந்தது. உடம்பில் வருகிற பிரசர்தான் எனக்குத் தெரியும். கண்ணுக்குள்ளும் அது ஏறும் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். ஒரு கண் சத்தமில்லாமல் போய்விட்டது. மற்றதில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்தவருக்கு நாள் நகரவில்லை. என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். நான் கிணத்துக்கடவில் எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் வாய்விட்டுப் படித்தால் எனக்கே கேட்கப் பிடிக்காது. ஒரு நாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரேசன் கடையில அட்டை நெம்பர் வாசிக்கற மாதிரி இருக்குது கண்ணு" என்றார். அதோடு நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் கிளை நூலகத்துக்குக் கேசட் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அரிசிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது நூலகம். படியேறும்போது தவிட்டு வாசம், உள்ளே போனால் அந்துருண்டை வாசம். யாரோ ஒரு மில்காரர் தன் அம்மா நினைவாக ஒரு மரப்பெட்டி நிறையக் கேசட் வாங்கிக் கொடுத்திருந்தார். கேசட்டுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள். பிளாஸ்டிக்கை எந்தப் பூச்சிங்க திங்கும் என்று நூலகரிடம் கேட்டேன். "புஸ்தகத்துக்குப் போடச் சொல்லி உத்தரவுங்க. கேசட்டும் லைப்ரரிப் பொருள்தானுங்களே" என்றார். அந்த மனிதர் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உத்தரவு வராமல் தும்மக்கூட மாட்டார்.

அங்கே 'புது வரவு' என்று ஒரு கண்ணாடி பீரோவும் உண்டு. உள்ளே புத்தம் புதுப் புத்தகங்கள் அட்டையைக் காட்டிக்கொண்டு நிற்கும். முருகன் கோயில்களைப் பற்றி ஒன்று இருந்தது, அட்டையில் மயில் போட்டு. அதை எடுத்துப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. இன்னும் நெம்பர் ஒட்டவில்லை, வெளியே தரக்கூடாது என்றார் நூலகர். நான் போன அத்தனை வாரமும் அது நெம்பர் ஒட்டாமலே நின்றது. ஜன்னல் வெயில் பட்டு மயிலின் நீலமே வெளுத்துப்போனது. புது வரவு என்ற பலகைக்குக் கீழேயே ஒரு புத்தகம் பழசாகிப்போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

கேசட்டில் முருகன் கதை முழுக்க இருந்தது. ஒரு பெரியவர் பாட்டும் கதையுமாகச் சொல்வது, எட்டு கேசட். ஓர் அட்டைக்கு வாரம் ஒன்றுதான். நங்கையா கிருத்திகை அன்று தலைக்குக் குளித்து, தேங்காய் உடைத்து, கறி மீனை நிறுத்தி முதல் கேசட்டைக் கேட்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்த்து வாங்கிய டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. அதற்கு விபூதி பூசி, பூ வைத்து, சாமி அலமாரிக்குக் கீழேயே மாற்றி வைத்தார். கதை ஓடும்போது அடுப்பில் நான் கரண்டியை வைக்கிற சத்தம்கூட வரக்கூடாது. சூரனை வதைத்த அன்று எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல்.

ஆறாவது கேசட் முடிந்தது. ஏழாவது வள்ளி கல்யாணம். எட்டாவதில் மங்களம். ஏழாவதைக் கேட்டு நான் மாடி ஏறினால், வெளியே போயிருக்கிறது, வரவில்லை என்றார் நூலகர். அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

இதற்கு நடுவில் கண் டாக்டர், மிச்சமிருக்கிற கண்ணை உடனே ஆபரேசன் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள பண்ணலீன்னா இருக்கற பார்வைக்கு நா பொறுப்பில்லீங்க" என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், என்னவோ நான்தான் தடுத்து வைத்திருப்பதுபோல. தடுத்தது நங்கையா. கதை முடியாமல் வரமாட்டேன் என்று ஒரே பிடி.

"ஆரம்பிச்சுப்போட்டேன் அம்மணி. முருகன் கதைய நடுவுல உட்டுப்போட்டுக் கத்திக்குப் படுத்தா, என்னத்த நெனச்சுட்டுப் படுக்கறது?"

சரி, ஏழாவதைத் தாண்டி எட்டாவதைக் கேட்டுவிடலாமே என்றேன். தாலி கட்டாமல் குடும்பம் நடத்துவது எங்கள் வம்சத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரரிடம் போய் முட்டிக்கொண்டேன். "அக்காகிட்ட நா எதுத்துப் பேசுனதே இல்ல. நீயே சொல்லிப் பாரு புள்ள" என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆம்பளைகளுக்கு எப்போதும் ஒரு சைக்கிள் தயாராக இருக்கும்.

இதில் பெரிய வேதனை என்னவென்றால், நங்கையா சொல்வது தப்பு என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. நானும் விரதம் இருக்கிறவள். சாமி கதையைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்று எனக்கும் பயம் உண்டு. ஆனால் கண்ணைப் பார்க்கிறதா, கதையைப் பார்க்கிறதா? மருதமலை இருக்கிற திசையைப் பார்த்து நின்று, முருகா, மலையையெல்லாம் வேலால் பிளந்தவனுக்கு ஒரு கேசட்டை வரவைக்க முடியாதா என்று சண்டையே போட்டேன்.

நூலகரிடமும் போட்டேன். யார் வைத்திருக்கிறார்கள், வீட்டைச் சொல்லுங்கள், நானே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சொல்ல விதி இல்லை என்றார். அப்படியானால் கடையில் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்றேன். தொலைந்துபோனால்தான் வாங்கலாமாம். இது தொலையவில்லையாம், வரவில்லையாம்.

"வராததுக்கும் தொலைஞ்சதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"நெறைய இருக்குதுங்கம்மா" என்றார், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிகிறது. எங்கள் ஊரில் எவ்வளவு 'ங்க' போட்டு வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லலாம். நாமும் அத்தனை 'ங்க' போட்டுவிட்டுத்தான் படி இறங்க வேண்டும்.

உக்கடம் வரைக்கும் பஸ் ஏறிப் போய்க் கேசட் கடைகளில் தேடினேன். சினிமாப் பாட்டு மலைமாதிரி குவிந்து கிடந்தது. முருகன் கதை ஒரு கடையில் இருந்தது, ஆனால் எட்டையும் சேர்த்துப் பெட்டியாகத்தான் கொடுப்பார்களாம், தனியாக ஏழு கிடையாதாம். விலையைக் கேட்டுவிட்டு, வீட்டில் ஏதோ அவசரம் என்பதுபோல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, காரணம் கேட்காமலே ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

மாதம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் மாடி ஏறினேன். நூலகர் என்னைப் பார்த்ததுமே, "உங்க முருகன் வந்துட்டாருங்க" என்றார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் அட்டைக்கு ஏழும் வீட்டுக்காரர் அட்டைக்கு எட்டுமாக வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். கேசட்டின் தலைப்பக்கம் இருக்கிற குழியில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதற்கு அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது. உடைந்திருக்கும், ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நங்கையா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சூடம் காட்டினோம். கேசட்டைப் போட்டேன். பெரியவர் தினைப்புனத்தைப் பற்றிக் கொஞ்சம் பாடினார். வள்ளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு பெரியவரைக் காணோம்.

ஒரே இரைச்சல். குழந்தை அழுகிறது. இரும்பு நாற்காலியை இழுக்கிறார்கள். ஒரு பெண் குரல் ரொம்பக் கிட்டத்தில், "ஏனுங்க, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குக் காபி பத்தலீங்க" என்கிறது. இன்னொரு குரல், பாலில் தண்ணீரை ஊற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறது. தூரத்தில் எங்கேயோ நாதஸ்வரம்.

எனக்குப் புரிந்துவிட்டது. எவரோ தங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பதிவு செய்யக் காலிக் கேசட் இல்லாமல், நூலகத்துக் கேசட்டில் யாரும் அழித்துப் பதியாமல் இருக்க விட்டிருந்த குழியைச் செல்லோடேப்பால் அடைத்து அதன் மேலேயே பதிந்துவிட்டார்கள். மேளம் பிடிக்க வைத்த டேப் ரெக்கார்டரைப் பந்தலுக்குப் பின்னால், காபி கலக்குகிற இடத்தில் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். இதற்காகவா இத்தனை வாரம்? நிறுத்தலாம் என்று கையை நீட்டினேன். நங்கையா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் கண்ணு."

"சாமி கதை இல்லீங்க நங்கையா, யாரோ..."

"தெரியுது. ஓடட்டும்."

ஓடியது. யாரோ சீனி எங்கே என்று தேடினார்கள். ஒரு பெரியம்மா மூட்டு வலியைப் பற்றிச் சொன்னார். திடீரென்று தூரத்தில் கெட்டிமேளம். அந்த நேரம் பார்த்துக் கிட்டத்தில் ஒரு பாத்திரம் தடாலென்று விழுந்து உருண்டது. 'அய்யோ, போச்சு' என்று ஒரு பெண் சொல்ல, இரண்டு மூன்று பேர் அடக்க முடியாமல் சிரித்தார்கள். நங்கையாவும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"எந்தக் கல்யாணத்துல நா மேடைக்கிட்டப் போயிருக்கறேன்? எனக்குக் கல்யாணம்னா இப்படித்தான் கேக்கும். தாலி கட்டியாச்சு. அந்த எட்டையும் போடு. நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போலாம்."

என் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் அக்காதான் இணைச்சீர் செய்ய வேண்டும். தம்பிக்குப் பக்கத்தில் கூறைச்சேலையோடு நிற்கிற உரிமை அவளுக்குத்தான். சொந்த அக்கா இவர் இருக்க, பெரியப்பா மகளை நிறுத்திச் செய்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தாலி கட்டின பிறகு எனக்கு ஒரு டம்ளர் காபி வந்தது. அதைக் கலந்து அனுப்பியது நங்கையா என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. முருகன் புண்ணியம், அந்தக் கண் கடைசி வரைக்கும் இருந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் நங்கையா கேட்டது அந்தக் காபி கேசட்டைத்தான். மறுபடி ஒரு தடவை போடு என்றார். அதற்குள் நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தேன். மாடி ஏறினேன். நூலகர் பெருமையாகப் புதுக் கேசட் ஒன்றை எடுத்து நீட்டினார். பழசைப் பரிசோதித்ததில் கெட்டுப்போயிருந்ததாம், கழித்துவிட்டார்களாம், உடனே புதுசு வாங்கிவிட்டார்களாம். வாரக்கணக்கில் கெஞ்சியபோது வாங்காதவர்கள். குப்பையிலாவது கிடைக்குமா என்று கேட்டேன். குப்பையை எரித்தாயிற்று என்றார்.

புதுக் கேசட்டை நங்கையா முழுக்கக் கேட்டார். எல்லாம் சரியாத்தான் இருக்குது என்றார்.

நங்கையா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மாடி இப்போது செல்போன் கடை. மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி. டேப் ரெக்கார்டரை மகன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான், நான் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து.

போன வாரம் அந்தப் பெண் ஒருவழியாகப் போனைச் சரிசெய்து கொடுத்தாள். தேடிப் பார்த்தேன், முருகன் கதையும் இருந்தது. எட்டுப் பகுதியும் இருந்தது, எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு ஏழாவதைத் தொட்டேன். துளி இரைச்சல் இல்லாமல் வள்ளி கல்யாணம் நடந்தது. கெட்டிமேளம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

எந்தப் பாத்திரமும் விழவில்லை.