தறிச் சத்தத்துக்கு ஏற்ற ஆப்

மாலை ஆறு மணி, பதினெட்டுப் பிள்ளைகள், பவானி மிஸ். ஆன்லைன் டியூஷன் தொழிலில் எங்கள் நாள் இப்படித் தொடங்கி, "கேக்கல மிஸ்" என்ற குரலில் முடியும். நான் பாடம் நடத்துகிறவன் அல்ல. எந்த ஆப்பில் பாடம் நடத்துவது என்று பார்க்கிறவன். பல வருடம் ஒரு நாளிதழுக்குத் திருத்தணியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கையில் லேப்டாப் இருப்பதைப் பார்த்து, டியூஷன் சென்டர் நடத்தும் தனசேகர் இந்த வேலையைக் கொடுத்தார். சாயங்கால வகுப்பு முடிந்தபின் ஆர்.கே.பேட்டைக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் நிற்க வேண்டாம் என்று, ஒன்பதாம் வகுப்பை மட்டும் ஆன்லைனிலேயே வைத்துக்கொண்டோம்.

இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஆப் கைக்குப் பழகுவதற்குள் அடுத்ததைத் தேடத் தொடங்கியிருப்பீர்கள்.

இலவசம்

முதல் ஆப்பைத் தேர்ந்தெடுத்தவர் தனசேகர். இலவசம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. வகுப்பு பாதியில் இருக்கும்போது தானாக மூடிக்கொள்ளும். நான் மறுபடி லிங்க் அனுப்பி, ஒவ்வொருவராக உள்ளே விட வேண்டும். அதற்குள் பாதிப் பிள்ளைகள் தெருவுக்கு விளையாடப் போயிருப்பார்கள். கணக்கின் விடையைப் பவானி மிஸ் மிச்சம் இருப்பவர்களுக்குச் சொல்வார்.

காசு கட்டி வாங்கிவிடலாம் என்று தனசேகரிடம் போய் நின்றேன். அவர் ஃபேனைப் பார்த்தபடி யோசித்தார். பிறகு சொன்னார்: "பசங்களுக்கு இன்டர்வெல் வேணும் இல்ல சார்? அதுவே வுடுது. நல்லதுதானே?"

பெரிய முகம்

இரண்டாவது ஆப் பாதியில் மூடவில்லை. அதற்கு வேறொரு குணம் இருந்தது. யார் பக்கம் சத்தம் அதிகமோ, அவர் முகத்தைத் திரை முழுக்கக் காட்டும். ஆர்.கே.பேட்டை லோகேஷ் ஒருநாள் மைக்கை மூட மறந்துவிட்டான். அவன் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. பவானி மிஸ் சிறு கட்டமாகச் சுருங்கிப் போக, திரை முழுவதும் லோகேஷ் வீட்டுக் கூடம் வந்தது. அங்கே அவன் அப்பா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா, கேமரா!" என்று லோகேஷ் கத்தினான். அவர் திரும்பினார். போனுக்கு அருகில் வந்து குனிந்து, பதினெட்டு வீட்டையும் நிதானமாகப் பார்த்தார். "இன்னா, பாடத்த வுட்டுட்டு எல்லாரும் என்னியே பாத்துகினு கீறீங்க?"

கிருத்திகை வாரம்

அன்றிலிருந்து பிள்ளைகள் மைக்கை எப்போதும் மூடியே வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டோம். திரை அமைதியானது. அதற்குள் ஆடிக் கிருத்திகை வந்துவிட்டது. காவடிகளோடு ஊருக்குள் கூட்டம் இறங்கியதும் எந்த போனிலும் சிக்னல் இல்லை. நான் விடவில்லை. மூன்று ஆப்களை மாற்றி மாற்றித் திறந்தேன். மூன்றிலும் ஒரே வட்டம் சுற்றியது. மொட்டை மாடிக்கும் கீழுக்குமாக நான் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கள் மாணவி ஒருத்தியின் அப்பாவான ஆட்டோக்காரர். "முருகனும் மேல கீறாரு, டவரும் மேல கீது. இன்னிக்கு ரெண்டு பேருமே நம்மளக் கண்டுக்க மாட்டாங்க. டீ சாப்பிடு சார்."

ஒரே ஒயர்

பவானி மிஸ்ஸும் ஆர்.கே.பேட்டைதான். வாழ்க்கைப்பட்ட வீட்டில் முன்பக்கம் தறிகள், நடு அறையில் அவருடைய வகுப்பு. பி.எட். முடித்து ஒரு பள்ளியில் வேலை பார்த்தவர். குழந்தை பிறந்த பிறகு பஸ் பிடித்து ஓட முடியவில்லை. "இந்த வேலையும் போச்சுன்னா அடுத்து தறிதான் சார்" என்று ஒருமுறை சொல்லியிருந்தார்.

திருத்தணி டவுனில் இருக்கும் சில அம்மாக்கள் தனசேகரிடம் வந்தார்கள். மிஸ்ஸுக்குப் பின்னால் எப்போதும் மெஷின் ஓடுகிறது, பிள்ளைகளுக்குத் தலைவலி வருகிறது என்றார்கள். தனசேகர் என்னைக் கூப்பிட்டு, அரையாண்டுத் தேர்வுக்குள் இதற்கு ஒரு ஆப் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் வேறு டீச்சரைக் கண்டுபிடிக்கிறேன் என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்குப் பக்கத்தில் நிற்கும் மைக் வாங்கிக் கொடுத்தேன். அது தறியையும் பக்கத்தில் கொண்டுவந்தது. கடைசியில், கரண்ட் போகும் நேரத்தில் தறி நிற்குமே, வகுப்பை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றலாமா என்று பவானி மிஸ்ஸின் கணவர் முரளிக்கு போன் செய்தேன். மறுமுனையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அவர் குரல் வந்தது: "தறி நின்னா நெட்டும் நின்னுடும் சார்! ரெண்டுத்துக்கும் ஒரே ஒயரு!"

சத்தம் தின்னும் ஆப்

அடுத்து ஒரு ஆப் கிடைத்தது. பேச்சை மட்டும் விட்டுவிட்டு மற்ற சத்தத்தையெல்லாம் தின்றுவிடும் என்றார்கள். முதல் நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தறி இல்லை. நம்ப முடியாமல் முரளிக்கு போன் செய்து, தறியை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். "ஆங், ஓடிகினுதான் கீது" என்றார். தனசேகர் என் முதுகில் தட்டினார். அன்று மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒரு வாரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். ஹரிணி என்ற டவுன் பெண் வகுப்பில் அழுதுவிட்டாள் என்று அவள் அம்மா வந்தார். "கோடு போடச் சொல்றதுக்கு எதுக்கு சார் அந்த அதட்டு? எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு?" மறுபடி ஹெட்போனை மாட்டினேன். அவர் சொன்னது சரி. அமைதியான அறையில் ஒரு பெண் காரணமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தார். தறி ஓடும் வீட்டில் யாரும் தாழ்ந்த குரலில் பேசுவதில்லை. உப்பு கேட்பதும் கத்தித்தான். அதுவரை தறியும் கத்தலும் சேர்ந்து வந்ததால் எங்களுக்கு அது பேச்சாகக் கேட்டது. ஆப் தறியைத் தின்றுவிட்டுக் கத்தலை மட்டும் மிச்சம் வைத்துவிட்டது.

பவானி மிஸ்ஸிடம் பக்குவமாகச் சொன்னேன். மறுநாள் முதல் கணக்கை மெதுவாகச் சொன்னார். இரண்டாவது கணக்கில் குரல் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. வகுப்பு முடிந்ததும் போன் செய்தார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "எனக்கே என் குரல் கேக்கல சார். கேக்காத குரல்ல எப்படிக் கணக்கு நடத்துறது?"

மெல்லிய குரல்

தனசேகர் காத்திருக்கவில்லை. டவுனிலிருந்து ஒரு புது சாரைக் கொண்டுவந்தார். கதவடைத்த அறை, நல்ல மைக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போன்ற குரல். ஒரு வாரம் பார்க்கலாம், பவானி மிஸ் ஓய்வெடுக்கட்டும் என்றார். செய்தியைச் சொல்லும் வேலை எனக்கு. "ஓய்வுன்னா எவ்ளோ நாளுன்னு கேட்டுச் சொல்லுங்க சார். நான் தறி பழகணும்" என்றார் பவானி மிஸ்.

ஹரிணி திரும்பி வந்தாள். டவுன் அம்மாக்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் வாரக் கடைசியில் ஆர்.கே.பேட்டைப் பிள்ளைகளின் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சிக்னல் கோளாறு என்று நினைத்து நான் இன்னொரு ஆப்பை இறக்கிக்கொண்டிருந்தபோது, லோகேஷின் அப்பா சென்டருக்கே வந்துவிட்டார். லுங்கிக்குப் பதில் வேட்டி. நின்றபடியே பேசினார்.

"அந்தப் புது சாரு பேசுறாரா, சும்மா வாய மெல்றாரா?"

"நல்லாத்தானே பேசுறார்" என்றார் தனசேகர்.

"உங்களுக்குக் கேக்கும். எங்கூட்ல தறி ஓடுது, யாருக்குக் கேக்கும்?"

பிள்ளைகளின் மைக்கை நாங்கள் மூடி வைத்ததோடு, அவர்கள் வீட்டுச் சத்தமும் எங்கள் நினைவிலிருந்து போயிருந்தது. தனசேகர் அப்போதும் விடவில்லை. ஹெட்போன் போடச் சொல்லுங்கள் என்றார்.

"ஒரு போனு, மூணு பசங்க. யார் காதுல மாட்டுறது? அந்தம்மா பேசினா தறியத் தாண்டி வந்து வுழுது சார். அந்தம்மாவ வரச் சொல்லு."

அவர் போன பிறகு தனசேகரிடம், டவுன் பிள்ளைகளுக்குப் புது சார், தறி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பவானி மிஸ் என்று வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாம் என்றேன். தலையாட்டினார். பவானி மிஸ்ஸுக்கு எந்த ஆப் என்று கேட்டேன். "அந்தம்மாவுக்கு எதுக்கு சார் ஆப்பு? ஜன்னலத் தொறந்து வுட்டாப் போதும்."

அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி மூன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு, தறி வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பு பவானி மிஸ்ஸுடன் பழைய இலவச ஆப்பில் தொடங்கி, பாதியில் மூடிக்கொண்டது.