ஓரகத்தியும் மஞ்சள் அட்டையும்

விமானத்தில் எந்த இடம் அதிகம் அழுக்கு என்று யாரைக் கேட்டாலும் கழிப்பறை என்பார்கள். அதெல்லாம் இல்லை. பதினான்கு வருடமாக விமானத்துக்குள் மண்டி போட்டுத் துடைப்பவள் சொல்கிறேன். சாப்பாட்டுத் தட்டை வைக்க முன் இருக்கையின் முதுகில் மடித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பலகைதான். அதன் கீல் இடுக்கில் ஒரு தடவை விரலை விட்டுப் பாருங்கள், பிறகு அதில் வைத்து எதையும் தின்ன மாட்டீர்கள். பலகையைத் துடைப்பதற்கு முன்னால் கீலைத் துடைக்க வேண்டும் என்று எங்கள் குழுவில் முதலில் கண்டுபிடித்தவள் நான். அதற்குப் பேர் வாங்கியவள் என் ஓரகத்தி.

என் கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் நான் பெரியவ, அவள் சின்னவ. ஒரே கூரை, ஒரே அடுப்படி. எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. நான் எழுந்து போவதற்குள் அடுப்பு மேடையைத் தேய்த்து வைத்திருந்தாள். என் மாமியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, மூஞ்சி பாக்கலாம் போல இருக்கே!" என்றார். ஆறு வருடம் நான் தேய்த்த மேடை அது. ஒரு நாளாவது அதில் மூஞ்சி பார்த்திருப்பாரா அந்த மகராசி?

சரி, வீட்டோடு போகட்டும் என்று விட்டேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் கொழுந்தன் வந்து, "அண்ணி, இவளையும் உங்க வேலைல சேத்து விடுங்களேன்" என்று கேட்டான். என் வாயாலேயே சரி என்றேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

எங்கள் வேலை எப்படி என்றால், பயணிகள் முன்வாசல் வழியாக இறங்கும்போது நாங்கள் பின்வாசலில் காத்திருப்போம். கடைசி ஆள் தலை மறைந்ததும் உள்ளே பாய வேண்டும். இருபத்தைந்து நிமிடம். ஆளுக்குப் பத்து வரிசை. முன் இருக்கையின் பையில் குழந்தையின் ஈரத்துணியைச் சுருட்டித் திணித்திருப்பார்கள். கைப்பிடிக்கு அடியில் பபிள்கம்மை மென்று ஒட்டியிருப்பார்கள். பெல்ட் பூட்டுக்குள் ரொட்டித்தூள் இருக்கும். எல்லாம் எடுத்து, துடைத்து, பெல்ட் இரண்டையும் இருக்கை மேல் குறுக்காகப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இருக்கைக்கு அடியில் உயிர்காப்பு உடை இருக்கும் உறையைத் தொட்டுப் பார்க்க மண்டி போட வேண்டும். ஒரு விமானத்துக்கு அறுபது இருக்கை, ஒரு நாளைக்கு எட்டு விமானம். என் முட்டி இரண்டும் வீங்கிப் போய், மாடிப்படியைக் கண்டாலே அழுகை வரும். மண்டி போடாமல் இந்த வேலையில் இருக்க ஒரே வழி குழுவின் லீடர் ஆவது. லீடர் அட்டையும் பேனாவுமாக நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்த லீடர் வேலை இந்த வருடம் காலியானது. அடுத்தது நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நினைத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் வேலையைச் சோதிக்கும் ஆய்வாளர் தேர்வுக்கு இரண்டு பேரை எழுதிக்கொண்டார். நானும் சின்னவளும்.

அந்த ஆய்வாளருக்கு நாங்கள் வைத்த பேர் வெள்ளைத்துணி. பாக்கெட்டில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பார். நாம் துடைத்த இடத்தில் அதை ஓர் இழுப்பு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். என் வரிசையில் இழுத்தால் "ம்" என்பார். சின்னவள் வரிசையில் இழுத்தால், "இது சுத்தம்! இப்படித்தான் இருக்கணும்!" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஒரு நாள் பலகைக் கீலைக் காட்டி, "இந்த யோசனை யாருக்கு வரும்?" என்று கேட்டார். எனக்கு வந்தது ஐயா, எனக்கு! அவள் சிரித்துக்கொண்டே, "அக்காதான் சார் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். அதற்கும், "பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்று அவளைத்தான் புகழ்ந்தார். எனக்கு வயிறு எரிந்ததில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

லீடர் தேர்வு ஒரு மதிய நேரம், ஓரமாக நிறுத்தியிருந்த காலி விமானத்தில் நடந்தது. வெள்ளைத்துணி எங்களுக்கு முன்னால் உள்ளே போய் இரண்டு மஞ்சள் அட்டைகளை ஒளித்து வைத்துவிட்டு வந்தார். என் பத்து வரிசையில் ஒன்று, அவள் பத்து வரிசையில் ஒன்று. அட்டை உள்ளங்கை அளவுதான் இருக்கும். யாராவது கூடாததை எதையாவது வைத்துவிட்டுப் போனால் நம் கண்ணில் படுமா என்பதற்கான சோதனை அது. துடைத்து முடித்து, அட்டையைக் கொடுத்து, "முழுவதும் தேடினேன்" என்ற தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆட்களை ஏற்றுவார்கள்.

என் அட்டை பதினான்காம் வரிசையில் தலையணை உறைக்குப் பின்னால் கிடைத்தது. பத்தே நிமிடத்தில் கிடைத்த சந்தோஷத்தில், குப்பைப் பை எடுக்கப் பின்பக்கம் போனேன். சின்னவள் கடைசியில் இருந்த கழிப்பறைக்குள் தேய்த்துக்கொண்டிருந்தாள். போகிற வழியில், அவளுடைய இருபத்தேழாம் வரிசையில், இருக்கைக்கு அடியிலிருந்த உயிர்காப்பு உடை உறையின் நாடா வெளியே தொங்கியது. பதினான்கு வருடக் கண், விடுமா? குனிந்து முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டேன். மஞ்சள் அட்டை.

திரும்ப வைத்திருக்க வேண்டும். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். ஆனால் கழிப்பறைக்குள்ளிருந்து அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. போட்டிக்கு வந்த இடத்தில் பாட்டு வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையை என் மேலங்கிப் பைக்குள் போட்டேன். நாடாவைப் பழையபடி முடிந்து, என் வரிசைக்கு வந்து பெல்ட்டைக் குறுக்காகப் போட்டேன்.

நேரம் முடிந்ததும் வெள்ளைத்துணி வந்தார். நான் அட்டையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். சின்னவள் பேனாவை வாங்கவில்லை.

"எனக்குக் கார்டு கெடைக்கல சார்."

"சரி, கெடைக்கலன்னா கெடைக்கல. தேடினேன்னு கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன் சார். இருபத்தேழுல உறை நாடா ஈரமா இருக்கு. நான் அந்த வரிசையைத் தொடறதுக்கு முன்னாடியே ஈரமாத்தான் இருந்துச்சு. நாம தொடைக்கிற மருந்துத் தண்ணி வாசனை அடிக்குது. எனக்கு முன்னாடி யாரோ கை வெச்சிருக்காங்க."

என் கையுறை! மருந்துத் தண்ணியில் நனைந்த கையுறையைக் கழற்றாமல் முடிச்சுப் போட்டிருக்கிறேன். வெள்ளைத்துணி போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வெச்ச எடத்துல கார்டு இல்ல. உள்ள இருந்தது நீங்க ரெண்டு பேர்தான். ஒருத்தரை ஒருத்தர் சோதனை பண்ணுங்க."

பெண்களைப் பெண்கள்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. நான் அவள் பைகளைத் தடவினேன், ஒன்றும் இல்லை. பிறகு அவள் கை என் மேலங்கிப் பைக்குள் போனது. அட்டையில் பட்டு நின்றது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கையை எடுத்தாள்.

"அக்காகிட்ட ஒண்ணும் இல்ல சார்."

சொல்லிவிட்டு நேராகத் தன் குப்பைப் பையிடம் போனாள். உள்ளே கையை விட்டுத் துழாவி, மஞ்சள் அட்டையை எடுத்தாள். என் பையிலிருந்து எப்போது அதை உருவினாள் என்று எனக்கே தெரியவில்லை.

"இதுல விழுந்திருக்கு சார். அந்த உறையை நானே முதல்ல பாத்துட்டு மறந்திருக்கேன். தப்பு என்னோடதுதான்."

வெள்ளைத்துணி பெருமூச்சு விட்டார். அவள் பேரை அடித்தார். என் பேருக்கு நேராக ஏதோ எழுதி, "வாழ்த்துக்கள், இனிமே நீங்கதான் லீடர்" என்றார். எவ்வளவு நாளாகக் காத்திருந்த வார்த்தை! அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். அவள் பக்கம் திரும்பி, "லீடர் வேலை போனாலும் பரவாயில்லன்னு தப்பை ஒத்துக்கிட்டீங்க பாருங்க, இந்த மனசு லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும்" என்றார்.

அவ்வளவுதான், என்னால் தாங்க முடியவில்லை. திருடியது நான், பேர் அவளுக்கா? தோற்றும் அவள்தான் உயர்த்தியா? லீடர் வேலையை என் கையில் போட்டுவிட்டு, ஊர்ப்பட்ட நல்ல பேரையெல்லாம் அவளே அள்ளிக்கொண்டு போவாள், நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

"சார், கார்டை எடுத்தது நான். என் பைலதான் இருந்துச்சு. அவ எனக்காகப் பொய் சொல்றா."

நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பொறாமைதான் என் வாயைத் திறந்தது.

வெள்ளைத்துணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாளை எடுத்து என் பேரையும் அடித்தார்.

"ஒருத்தர் எடுத்தீங்க, ஒருத்தர் மறைச்சீங்க. ரெண்டு பேர்ல யார் கையெழுத்தை நம்பி நான் ஆளுங்கள ஏத்துறது?"

லீடர் வேலை பக்கத்துக் குழுவில் ஒருவருக்குப் போனது. எங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாங்கள் மறுபடியும் மண்டி போடத்தான் வேண்டும்.

வேலை முடிந்து திரும்பும் பேருந்தில் அவள் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அன்றும் உட்கார்ந்தாள். நாலு நிறுத்தம் தாண்டியதும்தான் பேசினாள். எட்டு வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ராத்திரில நீங்க முட்டிய அமுக்கிக்கிட்டு அழறது சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும்க்கா. அதுக்காகத்தான் பொய் சொன்னேன். என்னைய ஜெயிக்க விட உங்களுக்கு மனசு இல்ல, அது எனக்குத் தெரியும். உங்களுக்காகத் தோத்துப் போகக்கூட விட மாட்டீங்களா?"

எங்கள் நிறுத்தம் வந்தது. படியில் இறங்க முட்டி மடங்காமல் நான் திணறியபோது, கீழே நின்றவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.