சுண்ணாம்பு போட்ட விருந்து

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த விருந்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அன்றைக்குப் பெரியம்மா எங்கள் வீட்டில் கை நனைத்தாக வேண்டும். நனைக்காமல் எழுந்து போனால் கல்யாணத்துக்கும் வரமாட்டாள், பெரியப்பாவையும் விடமாட்டாள். கூடப் பிறந்த அண்ணன் வராத கல்யாணத்தைப் பாப்பிரெட்டிப்பட்டியே கூடிப் பேசும் என்று அப்பாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

இரண்டு வீட்டு நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே சோறு தண்ணீர் புழக்கம் நின்றுபோயிருந்தது. பெரியம்மா வீட்டில் சாப்பிட்டு வந்த அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாராம். சோற்றில் எதையோ கலந்துவிட்டாள் என்று அம்மா தெருவில் நின்று கத்தினாளாம். அப்பா எழுந்து நடமாடிவிட்டார். கத்தினது மட்டும் அப்படியே நின்றது.

இந்தக் கதை எதுவும் தெரியாத ஒரே ஆள் மாமா, அம்மாவின் தம்பி. சண்டை நடந்த சமயத்தில் அவர் பம்பாயில் ஒரு பெரிய கப்பலில் ஏறிவிட்டார். முதல் வகுப்புக்காரர்கள் சாப்பிடும் அறையில் வேலை. அங்கே தலைமைச் சமையல்காரர் மெக்சிகோ நாட்டுக்காரர். அவர் வித்தை முழுவதையும் மாமா கரைத்துக் குடித்துவிட்டதாகப் பேச்சு. அக்கா கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தார்.

“கறிச்சோறு எல்லா வூட்லயும் போடறாங்க. நான் ராசா வூட்டு விருந்து வெக்கறன் பாருக்கா” என்றார். அம்மாவுக்குத் தம்பி என்றால் உயிர். சமையல்கட்டையே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு பெரிய தலைவாழை இலையின் நடுவில் மாமா ஆளுக்கு ஒரே ஒரு பொட்டலத்தை வைத்தார். மக்காச்சோளத் தோகையில் சுற்றி ஆவியில் வேகவைத்த ஏதோ ஒன்று. சோறு எப்போது வரும் என்று பெரியப்பா சமையல்கட்டைப் பார்த்தார். சோறு வரவில்லை. கப்பலில் ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டுமாம். வைத்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டுமாம். மாமா கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“மக்காச்சோளமுங்க. சுண்ணாம்பு போட்டு வேக வெச்சு, ராத்திரி பூரா ஊற வெச்சு அரைச்சதுங்க. உள்ள கோழிக்கறி.”

“சுண்ணாம்பா?” என்றார் பெரியப்பா.

“ஆமாங்க. நம்ம வெள்ளையடிக்க வாங்கின சுண்ணாம்புதானுங்க. கழுவிட்டா ஒன்னும் பண்ணாதுங்க.”

பெரியப்பா தொட்ட பொட்டலத்தை விட்டுவிட்டார். அப்பா சுவரில் சாய்ந்துவிட்டார். வாசற்படியில் நின்ற அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை பேரும் பெரியம்மாவைத்தான் பார்த்தோம்.

பெரியம்மா அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். தோகையைப் பிரித்தாள். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு நிதானமாக மென்று விழுங்கினாள். இப்போது விழுவாள், இதோ விழுவாள் என்று நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த விள்ளலையும் எடுத்தாள்.

“நல்லாத்தான் இருக்குது தம்பி” என்று மாமாவிடம் சொன்னாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். “அன்னிக்கு எங்க வூட்டுச் சோத்துலயும் ஒன்னுமில்ல தங்கச்சி.”

அம்மா வந்து பெரியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் இலையில் மிச்சமிருந்ததை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

நான் ஆடிப்போய்விட்டேன். அக்கா குடித்த டம்ளரில் வாய் வைத்தால்கூட முதுகில் ஒன்று வைக்கிறவள் அம்மா. “அம்மா, அது பெரியம்மா எச்சில்!” என்று கத்தினேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய தப்பைச் செய்தவளை அப்பா ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார் என்று எனக்கு விளங்கவேயில்லை.